கார்மேகத்தை நம்பாத அறவணர்

(வரலாற்றுத் தொடர்: 14)

மணிமேகலையை வஞ்சி நகரில் அளவைவாதியின் எதிரே நிறுத்திவிட்டுச் சென்ற இதழை முடித்தோம். ஆண் துறவியின் உருவில் நிற்கிறாள். வாதாட வரவில்லை, கேட்க வந்திருக்கிறாள். எதிரே இருப்பவன் அறிவு வரும் வழிகள் பத்து என்கிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கி அபாவம், மீட்சி, உள்ளநெறி வரை பட்டியல் நீள்கிறது. வேதவியாசர் பத்தையும் ஏற்றார், கிருதகோடி எட்டோடு நின்றார், சைமினி ஆறு போதும் என்றார் என்ற செய்தியும் அவன் வாயாலேயே நமக்குக் கிடைக்கிறது. பத்தில் இரண்டாவதான கருதல்தான் இந்த இதழுக்கான பொருள். வடமொழியார் அனுமானம் என்பார்கள்.

கருதலை அவன் மூன்றாகப் பிரிக்கிறான். காட்டுக்குள்ளிருந்து எழும் ஒலியைக் கேட்டு அங்கே யானை நிற்கிறது என்று கொள்வது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். சூல்கொண்ட முகிலைப் பார்த்து மழை பெய்யப் போகிறது என்பது முதல். மூன்று எடுத்துக்காட்டில் இரண்டு மழையைப் பற்றியவை. யானையை விட்டுவிடுவோம். வெள்ளத்தையும் மேகத்தையும் உரசிப் பார்க்க வஞ்சியைவிடத் தோதான ஊர் ஒன்று இருக்கிறது. விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டம், நரிக்குடி.

1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் விழுவதுதான் மழை. அதைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் நெல். மேகம் கூடுவதும் இருட்டிக் கட்டுவதும் இங்கே அரிதல்ல. கூடிய மேகம் இறங்குவதுதான் அரிது. காற்று ஒரு திருப்பு திருப்பினால் கமுதிக்கோ கடலுக்கோ போய்விடும். அளவைவாதி ‘முதல்’ என்று பெயரிட்ட அனுமானத்தை இந்த ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். பல ஆண்டுகளில் தோற்கிறார்கள். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் நாட்களில் வானத்தைப் பார்த்துக் கர்ப்போட்டம் குறிப்பதும் அதே வகைக் கணக்குதான். வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மேகம் கருக்கொண்ட 195ஆம் நாளில் மழை என்று நாளே குறித்துக் கொடுத்திருக்கிறார். அத்தனை துணிச்சல் உழவனுக்குக் கிடையாது.

மூன்று வகைப் பிரிவு மணிமேகலையைப் பாடிய சாத்தனார் கண்டுபிடித்ததல்ல. அட்சபாத கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே மூன்று பெயர்களும் வந்துவிடுகின்றன: பூர்வவத், சேஷவத், சாமான்யதோதிருஷ்டம். பெயரைச் சொன்ன சூத்திரம் விளக்கம் தரவில்லை. மேகத்தையும் வெள்ளத்தையும் எடுத்துக்காட்டாக வைத்தவர், 5ஆம் நூற்றாண்டு அளவில் உரை எழுதிய வாத்ஸ்யாயனர். அவரைத் தமிழர் என்று எழுதியவர்கள் உண்டு. 12ஆம் நூற்றாண்டு ஹேமசந்திரரின் சொற்கோவையில் அவருக்குத் ‘திராமிளர்’ என்றொரு பெயர் இருப்பதே ஆதாரம். அதே வரிசையில் கௌடில்யரையும் காமசூத்திரம் செய்த மல்லநாகரையும் அவரோடு சேர்த்து ஒரே ஆளாக்கி வைத்திருக்கிறார் ஹேமசந்திரர். இந்தச் சான்றை நம்பி ஊர்ப்பெருமை பேசுவது, அனுமானத்தைப் பற்றி எழுதிய மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நியாய சூத்திரத்தை நான் மதிப்பது அதன் இலக்கணங்களுக்காக அல்ல. தன் மீதே வழக்குப் போட்டுக்கொள்ளும் துணிவு அதற்கு இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் எதிர்ப்பக்கம் எழுந்து, அனுமானம் அறிவுக்கு வழியே இல்லை என்கிறது. ஆறு பெருகியிருக்கிறதா? கீழே அடைத்திருந்தாலும் பெருகும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறதா? புற்றை யாராவது கிளறியிருந்தாலும் போகும். மயில் அகவுகிறதா? மயில்போலக் கத்தத் தெரிந்த மனிதனாகவும் இருக்கலாம். மூன்று அடையாளமும் மழைக்கு உரியவை. மூன்றும் மழை இல்லாமலும் வருகின்றன. பிறகு எதை நம்புவது?

முதல் ஆட்சேபம் நரிக்குடிக்காரர்களுக்குப் பழகியது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பிறந்து திருமங்கலம் வழியாகத் திருச்சுழிக்கு வரும் குண்டாற்றில் செந்நீர் புரண்டால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் மேற்கே நல்ல மழை என்று சொல்லிவிடலாம். கிருதுமால் நதியில் அப்படிச் சொல்ல முடியாது. வைகைத் தண்ணீரை விரகனூர் மதகணையில் திருப்பி இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்கு விடுவது உண்டு. அன்று கிருதுமாலில் ஓடும் நீர் மழையைக் காட்டுவதில்லை, அரசாணையைக் காட்டுகிறது. மேலே ஏதோ ஒரு கண்மாயில் உடைப்பு எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

நியாயம் சொல்லும் பதில் சுருக்கமானது. அடைப்பினால் ஏறிய நீர் வேறு. மழையினால் வந்த வெள்ளம் வேறு. மழை வெள்ளத்தில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், பழமும் இலையும் கட்டையும் மிதந்து வரும். பயந்து ஓடும் எறும்புகள் வேறு, ஒழுங்காகச் சாரை பிடிக்கும் எறும்புகள் வேறு. அடையாளம் பொய்க்கவில்லை, அடையாளத்தில் ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டு முழு முடிவுக்குத் தாவிய ஆள்தான் பிழை செய்தான். இது நழுவல் பதில் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுமானம் தவறும்போது பழியை உலகத்தின் மேல் போடாமல் பார்த்தவன் மேல் போடுகிறது. அடுத்த முறை எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மயில் விஷயத்தில் மட்டும் சூத்திரக்காரர் கொஞ்சம் தாராளமாக இருந்துவிட்டார். இந்த மாவட்டத்து மயில்கள் கோடையிலும் அகவுகின்றன.

ஆட்சேபப் பட்டியலில் ஒன்று இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மேகம் இல்லை. ஆற்றையும் எறும்பையும் மயிலையும் கூண்டில் ஏற்றிய எதிர்ப்பக்கம், பெய்யாத மேகத்தைக் கூப்பிடவே இல்லை. கரிசல்காட்டு ஆள் யாராவது அந்த எதிர்ப்பக்கத்தை எழுதியிருந்தால் முதல் சாட்சியே மேகமாகத்தான் இருந்திருக்கும்.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் அறவண அடிகள். மணிமேகலை வஞ்சியில் கேட்டு முடித்துக் கச்சிக்கு வருகிறாள். அங்கே அறவணர் பௌத்த அளவை நூலைச் சொல்லிக் கொடுக்கிறார். பத்து வழிகள் இங்கே இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன: காண்டல், கருதல். மற்றவை எல்லாம் கருதலுக்குள் அடங்கும் என்கிறார். அடுத்து அவர் வைக்கும் வரம்புதான் முக்கியம். காரணத்தைக் கொண்டு காரியத்தைக் கருதினாலும் பொதுமையைக் கொண்டு கருதினாலும் தவறிப்போக இடம் உண்டு. தவறாதது காரியத்தைக் கண்டு காரணத்தைக் கருதுவது ஒன்றே, புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல. இரண்டு காதைகளுக்கு முன்னால் அளவைவாதி சரியான அனுமானம் என்று சொன்ன கார்மேகம், இங்கே பதவி இழக்கிறது. வெள்ளம் தப்பித்துவிடுகிறது, ஏனென்றால் அது காரியம். நடந்து முடிந்த மழையின் விளைவு.

காவியத்தின் உரையாசிரியர்கள் இந்த இரண்டு இடங்களையும் தனித்தனியாக விளக்கிவிட்டுப் போகிறார்கள். சேர்த்துப் படித்தால்தான் சாத்தனாரின் திட்டம் தெரியும். 27ஆம் காதையில் பேசுபவன் வாயில் வைத்ததை 29ஆம் காதையில் ஆசிரியர் வாயால் திருத்துகிறார். அறவணர் ஓரிரு அடியில் சொன்னதை 7ஆம் நூற்றாண்டில் தருமகீர்த்தி முழுக் கோட்பாடாக எழுதினார்: காரணங்கள் கூடியிருக்கின்றன என்றால் காரியம் விளையும் தகுதி இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்; விளைந்தே தீரும் என்று சொல்லக்கூடாது, இடையில் தடை புகலாம். நரிக்குடி வானத்துக்கு இதைவிடத் துல்லியமான வானிலை அறிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, புகை மட்டும் தவறாதா? அறவணர் சொல்லித் தரும் ஐந்துறுப்பு வாதத்தில் மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், புகை இருப்பதால் என்பது ஏது, அடுக்களை திட்டாந்தம், பிறகு உபநயம், நிகமனம். இந்தியா முழுவதும் தருக்கம் படித்தவர்கள் இந்த மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நரிக்குடிப் பக்கம் மலை கிடையாது. கரிமூட்டம் உண்டு. சீமைக்கருவேல விறகை அடுக்கி, இலைதழை போட்டு, ஈரமண்ணால் மூடி, உள்ளே தீ வைத்துக் காற்றைக் கட்டுப்படுத்தினால் நாள்கணக்கில் புகையும். நெருப்பைப் பார்க்கவே முடியாது. பார்க்கும்படி வெளியே வந்தால் விறகு சாம்பலாகிவிட்டது என்று பொருள். மூட்டம் போடுகிறவர்களுக்குப் புகைதான் கண். முதலில் ஈரம் வெளியேறும்போது வெள்ளையாகத் திரண்டு வரும். கரி ஆக ஆகப் புகை மெலிந்து நீலம் பாயும். அதைக் கண்டு உள்ளே எந்த நிலை என்று சொல்கிறார்கள். புகையிலிருந்து நெருப்பைக் கருதுவதோடு நிற்காமல் நெருப்பின் வயதையும் கருதுகிறார்கள்.

இந்த அனுமானத்தைத் திருப்பிப் போட்டால் நிற்காது. நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது நியாய நூல்களின் வழக்கமான மறுப்பு. புகை வருவதற்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் சேர வேண்டும். இப்படி மறைந்து நின்று காரியம் நடத்தும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். மூட்டத்திலிருந்து எடுத்த கரியை அடுப்பில் போட்டுப் பாருங்கள்: ஈரமும் பிறவும் முன்பே போய்விட்டதால் நெருப்பு கனன்று நிற்கும், புகை பெயருக்குத்தான் வரும். உபாதியைப் பாடம் நடத்த இரும்பு உருண்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

உபாதியை எல்லாம் களைந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். அதைக் கேட்டவர்கள் உலோகாயதர்கள். புகையுள்ள எல்லா இடத்திலும் நெருப்பு உண்டு என்று எப்படித் தெரியும்? எல்லா இடத்தையும் பார்த்தாயா, எல்லாக் காலத்தையும் பார்த்தாயா? பார்க்காததை அனுமானத்தால் அறிந்தேன் என்றால், அனுமானத்தை நிறுவ அனுமானத்தையே கூப்பிடுகிறாய். இந்த அடி சாதாரணமானதல்ல. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் இதே இடத்தைத்தான் தொட்டுப் புகழ்பெற்றார். வஞ்சியில் மணிமேகலை கடைசியாகச் சந்திக்கும் பூதவாதியும் இந்தக் கட்சிதான்; கண்ணால் காண்பது தவிரக் கருத்தளவு செல்லாது என்கிறான். அதுவரை கேட்டுக்கொண்டே வந்தவள் அங்கே மட்டும் சிரித்துவிட்டு வாய் திறக்கிறாள்: உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானம் இல்லாமல் எப்படி அறிந்தாய்? சபையில் கைதட்டல் வாங்கும் பதில். தருக்கத்தில் முழுப் பதில் ஆகாது. தாய் சொல்லக் கேட்டேன் என்று அவன் நழுவலாம்.

கனமான பதில் வர உதயணர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தம் நூல் ஒன்றில் சக ஆண்டு 906, அதாவது கி.பி. 984 என்று காலம் குறித்து வைத்த நையாயிகர் அவர். சந்தேகத்துக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை உன் நடத்தை என்றார். புகை வேண்டும்போது நெருப்பைத் தேடிப் போகிறாய், பசித்தால் சோற்றைத் தேடுகிறாய். கை செய்வதை வாய் சந்தேகிக்கக்கூடாது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இந்தப் பதிலையே கிழித்துப் பார்த்தார். 14ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் மறுபடி தைத்தார். அந்தத் தையலின் பெயர்தான் நவ்ய நியாயம்.

காண்டலுக்கு இவ்வளவு இடம் தர முடியாது. இரண்டு செய்திகளோடு கடப்போம். புலனும் பொருளும் கூடப் பிறப்பது, பிறழாதது, உறுதியானது என்று நியாயம் காட்சிக்கு இலக்கணம் வகுத்தது. பிறழாதது என்பதற்கு வாத்ஸ்யாயனரின் எடுத்துக்காட்டு கானல்நீர். உறுதியானது என்பதற்குத் தொலைவில் எழுவது புழுதியா புகையா என்று தெரியாமல் நிற்பவன். இரண்டையும் சித்திரை மாதத்து நரிக்குடியில் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். அறவணர் சொல்லும் காட்சி இதைவிடக் குறுகியது. பெயர், சாதி, குணம், தொழில் எதையும் ஒட்டாத வெறும் சுட்டுணர்வு மட்டுமே காட்சி. ‘இது மாடு’ என்றவுடன் கருதல் தொடங்கிவிட்டது. கச்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் திக்நாகரின் கொள்கை இது. பார்ப்பது எது என்று தொடங்கி, பார்ப்பவர் யார் என்று திரும்பிய வேதாந்தப் போக்கும் உண்டு. 1879இல் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமணர், அந்தப் போக்கின் சிறுநூலான திருக் திருசிய விவேகத்தைத் தமிழில் ஆக்கினார். அது வேறு பாதை. இந்தத் தொடர் அங்கே போகாது.

இரண்டாவது செய்தி, இல்லாமையைப் பற்றியது. கண்மாயில் தண்ணீர் இல்லை என்பதை எதனால் அறிகிறோம்? கண்ணாலேயே இல்லாமையைக் காண்கிறோம் என்கிறது நியாயம். இல்லாததோடு கண் எப்படிக் கூடும், இது தனி அளவை என்கிறார் மீமாஞ்சகரான குமாரிலர். இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை என்ற கருதல்தான் இது என்கிறார் தருமகீர்த்தி; தெரியக்கூடிய பொருளுக்கே இந்த வாதம் செல்லும் என்றும் வரம்பு கட்டுகிறார். கண்மாய் வறண்டதைக் கரையில் நின்று சொல்லிவிடலாம். நிலத்தடியில் நீர் இல்லை என்பதை அப்படிச் சொல்ல முடியாது. என் வாக்கு தருமகீர்த்திக்கு.

பௌத்தர்கள் தமிழ்நாட்டில் மறைந்த பின்னும் காரியத்திலிருந்து காரணத்துக்குப் போகும் வழி மூடப்படவில்லை. சைவர்கள் அதை ராஜபாட்டையாக்கினார்கள். உலகம் தோன்றி நின்று அழிவது, ஆகவே காரியம், ஆகவே அதற்கு ஒரு கர்த்தா உண்டு என்பதில்தான் மெய்கண்டாரின் சிவஞானபோதம் தொடங்குகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவைக்கென்றே ஒரு பகுதியை முன்வாசலில் வைத்தார்; காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக்கினார். பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்து மறுக்கும்போது முதலில் நிற்பவன் உலோகாயதன். உலகத்துக்குக் குயவன் உண்டு என்ற வாதத்துக்குத் தருமகீர்த்தி முன்பே ஒரு கண்ணி வைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணால் ஆனது என்பதற்காகப் புற்றையும் குயவன் செய்தான் என்பாயா என்று கேட்டார். இதற்குச் சைவத் தரப்பு தந்த பதில்கள் ஏராளம், எனக்கு நிறைவு தந்தது ஒன்றுமில்லை. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை மடத்துச் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய பின், மடங்களில் தமிழ் மட்டும் படித்தவர்களும் புகை, நெருப்பு, உபாதி என்று வாதாட முடிந்தது.

இனி காலக்கணக்கு. உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது 29ஆம் காதைக்குப் பொருள் சொல்லத் தமிழ்ப் புலவர் எவரும் இல்லை. கும்பகோணம் கல்லூரி ரங்காசாரியர் ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து பௌத்தத்தை விளக்க, ஐயர் தமிழில் எழுதிக்கொண்டார். 1928இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் தம் நூலில், இந்தக் காதை திக்நாகருக்கு முற்பட்டது என்று வாதிட்டார். குப்புசாமி சாஸ்திரியார் மறுத்தார்: இது சங்கரஸ்வாமியின் நியாயப்பிரவேசத்தை அடியொற்றியது. 1930இல் ஏ.பி. துருவர் அந்த வடமொழி நூலைப் பரோடாவிலிருந்து பதிப்பித்ததும் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. இரண்டு நூலிலும் வரிசையும் எண்ணிக்கையும் ஒன்று. யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்ததும் இதே சிறுநூலைத்தான்.

ஒரே மாதிரி இரண்டு வெள்ளம் கண்டால் மேலே ஒரே மழை என்று கொள்வதுதான் எச்சம். சாஸ்திரியார் செய்தது அந்த அனுமானம். காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவது. ஐயங்கார், காவியம் சங்க காலத்தை ஒட்டியது என்ற முன்முடிவிலிருந்து, அதிலுள்ள தருக்கமும் பழையதாக இருந்தே தீரும் என்று இறங்கினார். அறவணர் பழுதுண்டு என்று எச்சரித்த வழி அது. தமிழ்ப் பற்றுக்கு எவ்வளவு கசந்தாலும் இந்த வழக்கில் தீர்ப்பு சாஸ்திரியார் பக்கம்தான்.

அடுத்த இதழில் நீலகேசி. அறவணர் கட்டிய இந்த அளவைக் கோட்டையைச் சமணப் பெண்ணொருத்தி எந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறாள் என்று பார்ப்போம். அதற்குள் வாய்ப்புள்ளவர்கள் மணிமேகலையின் 27ஆம் 29ஆம் காதைகளை உரையோடு அருகருகே வைத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.